‘கபூல்’ என்று சொல்லும் முன்...

கோர்ட்டுப் படி ஏறியவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: எப்படியாவது இன்றோடு முடிந்தால் போதும். குற்றம் செய்தவனும் இப்படித்தான் நினைக்கிறான். செய்யாதவனும் இப்படித்தான் நினைக்கிறான். ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கோ இந்த ஆசை இரண்டு பங்கு. ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. அங்கே பேசுகிற மொழி பாதி புரியாது. கறுப்புக் கோட்டைக் கண்டாலே கை கால் உதறும். இந்த அவசரத்தில் நம்மவர் வாயிலிருந்து மிகச் சுலபமாக வந்துவிடுகிற சொல் ‘கபூல்’. ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம். மூன்றே எழுத்து. அந்த மூன்று எழுத்தோடு எதையெல்லாம் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தலைநகரின் கீழ்க் கோர்ட்டுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கறிஞர் தொழில் செய்து வருகிறேன். தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்தால் யாரோ யாரையோ அழைத்து வந்துவிடுவார்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள், டிரைவர்கள், இட்லிக் கடை வைத்திருப்பவர்கள், சில சமயம் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர் என்னிடம் வருவதற்குள் ‘கபூல்’ சொல்லிவிட்டே வருகிறார்கள். “அப்பீல் போடலாமா சார்?” என்று பிறகு கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது.

<b>மேல்முறையீடு என்னும் இரண்டாவது பார்வை</b>

மாஜிஸ்திரேட்டும் மனிதர்தான். சாட்சி பொய் சொல்லியிருக்கலாம். சட்டத்தின் ஒரு வரியை அவர் தவறாகப் படித்திருக்கலாம். அதனால்தான் கீழே ஒருவர் தீர்ப்பளித்தால் மேலே இன்னொருவர் அதைப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பொதுவாக, மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனையை எதிர்த்து முப்பது நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். 1978இல் ஹோஸ்காட் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சுதந்திரத்தைப் பறிக்கும் தண்டனைக்கு ஒரு முறையாவது மேல்முறையீடு இருப்பது நாகரிகமான நீதிமுறைக்கு அடிப்படை என்று விளக்கினார். சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், வசதி இல்லாதவருக்கு மேல்முறையீட்டுக்கு வக்கீலை ஏற்பாடு செய்து தர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

இந்த உரிமை, குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குப் பெரும்பாலும் கிடையாது. இது புதிதாக வந்த சட்டமும் அல்ல. வெள்ளைக்காரர் காலத்து 1898ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 412ஆம் பிரிவிலேயே இருந்தது. 1973ஆம் வருடச் சட்டத்தில் 375ஆம் பிரிவாக வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 416ஆம் பிரிவு. எண்தான் மாறியது, விஷயம் மாறவில்லை.

அது சொல்வது இதுதான். மாஜிஸ்திரேட் முன்போ செஷன்ஸ் கோர்ட்டிலோ நீங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன்பேரில் தண்டனை பெற்றால், “நான் குற்றவாளி அல்ல” என்று மேல்முறையீடு செய்ய முடியாது. “தண்டனை அதிகம்” என்றோ, “இந்தத் தண்டனை சட்டப்படி செல்லாது” என்றோ மட்டும் மேலே போய்ச் சொல்லலாம். ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டிருந்தால் அதை ஐநூறாக்கச் சொல்லிக் கேட்கலாம். ‘குற்றவாளி’ என்ற பெயரை அழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. நம்மவர்களில் பலருக்கு அந்தப் பெயர்தானே பிரச்சினை, அபராதமா பிரச்சினை?

<b>ஐநூறு ரூபாயில் முடிந்த கதை</b>

சில வருடங்களுக்கு முன் சேலம் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், ஒரு கையில் கோர்ட்டுக் காகிதமும் மறு கையில் வேலைக்கான விண்ணப்பமுமாக என் முன் உட்கார்ந்திருந்தார். டெலிவரி வேன் ஓட்டுகிறவர். ஸ்கூட்டர்காரர் ஒருவர் வேனில் மோதிக் காலில் அடிபட்டுக்கொண்டார். கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு. மூன்று முறை வாய்தாவுக்குப் போனார். நான்காவது முறை ஒப்புக்கொண்டார்.

“ஏன் தம்பி ஒப்புக்கொண்டீர்கள்?”

“கபூல்னு சொன்னா ஐநூறு ரூபாயோட முடிஞ்சிடும்னாங்க சார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டா முதலாளி ஆளை மாத்திடுவாரு.”

“யார் சொன்னார்கள்?”

“வராண்டாவுல எல்லாரும்தான் சார் சொன்னாங்க.”

“ஸ்கூட்டர் எந்தப் பக்கமாக வந்தது?”

“எதிர்த்தாப்புல, ராங் சைடுல சார்.”

இந்தக் கடைசி பதிலை அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லவே இல்லை. கேட்டிருந்தால் வழக்கே வேறு மாதிரி போயிருக்கலாம். இப்போது பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் டிரைவர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். ‘எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றதுண்டா?’ என்று படிவத்தில் ஒரு கட்டம். அதைப் பார்த்துத்தான் ஓடி வந்திருக்கிறார்.

எங்களுக்கு இருந்த வழி ஒன்றுதான். ஒப்புதல் முறைப்படி பதிவாகவில்லை என்று காட்டுவது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் சம்மன் வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டால் கூடியமட்டும் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. மஹந்த் கௌசல்யா தாஸ் எதிர் சென்னை மாகாண அரசு என்ற வழக்கில், 1966ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த முடிவில், இப்படி எழுதுவது கட்டாயம், மீறினால் விசாரணையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை வைத்து முயன்றோம். நகல் வாங்கிப் பார்த்தால், ஒப்புதல் ஹிந்தியில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து, தமிழில். மொழி புரியவில்லை என்றோம். முந்தைய வாய்தாக்களில் பெயர், விலாசம் எல்லாம் ஹிந்தியிலேயே பதில் சொல்லியிருக்கிறாரே என்றார்கள். காய்கறி வாங்குகிற ஹிந்தி வேறு, கோர்ட்டு ஹிந்தி வேறு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மனு தள்ளுபடியாயிற்று. காகிதத்தைப் பார்த்துத்தானே தீர்ப்பு எழுத முடியும்? அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

<b>பேரம் நுழைந்த வரலாறு</b>

இதுவரை சொன்னது சாதாரண ஒப்புதல். இன்னொரு வகை உண்டு. அதைத் தண்டனைப் பேரம் என்று சொல்லலாம். கோர்ட்டில் ‘ப்ளீ பார்கெயினிங்’ என்றே சொல்கிறார்கள். நீ ஒப்புக்கொள், தண்டனையைக் குறைக்கிறோம் என்பதுதான் சாரம்.

நம் நாட்டின் உயர்ந்த நீதிபதிகள் ஆரம்பத்தில் இதை வாசலிலேயே நிறுத்தினார்கள். 1976இல் முரளிதர் மேக்ராஜ் லோயா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகச் சாடினார். உணவுக் கலப்பட வழக்கு அது. கலப்படம் செய்த வியாபாரி பேரம் பேசிச் சிறையிலிருந்து தப்பிவிடுகிறான், கலப்பட உணவைச் சாப்பிட்ட ஜனங்களை அந்தப் பேரத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். 1980இல் காசம்பாய் எதிர் குஜராத் அரசு வழக்கில் நீதிபதி பி.என். பகவதி மறு பக்கத்தைக் காட்டினார். குற்றமே செய்யாதவனும், வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதைவிடச் சின்னத் தண்டனை மேல் என்று ஒப்புக்கொண்டுவிடுவான். அப்படிப் பெற்ற ஒப்புதலின் பேரில் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்றார்.

பிறகு திப்பேசாமி எதிர் கர்நாடக அரசு வழக்கு வந்தது. குறைந்த தண்டனை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒப்புக்கொண்டவருக்கு, மேல் கோர்ட்டு தண்டனையைக் கூட்டிவிட்டது. ஆசை காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு பிறகு தண்டனையைக் கூட்டுவது நியாயமான நடைமுறை ஆகாது, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது.

ஆனால் கோர்ட்டுகளில் வழக்குகள் மலைபோல் குவிந்தன. விசாரணைக் கைதிகளால் சிறைகள் நிரம்பின. சட்டக் கமிஷன் 1991இல் தன் 142ஆம் அறிக்கையிலும், 1996இல் 154ஆம் அறிக்கையிலும் இந்த முறையைக் கொண்டுவரலாம் என்றது. 2003இல் மளிமத் கமிட்டியும் ஆமோதித்தது. கடைசியில் சட்டம் திருத்தப்பட்டு, 2006 ஜூலை 5 முதல் பேரம் நம் சட்டப் புத்தகத்தில் ஏறியது. இப்போது புதிய சட்டத்தில் 289 முதல் 300 வரையுள்ள பிரிவுகள்.

<b>நடைமுறை எப்படி?</b>

ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும், நாட்டின் சமூக பொருளாதார நிலையைப் பாதிப்பவை என்று அரசு அறிவித்த குற்றங்களுக்கும் பேரம் கிடையாது. மற்றவற்றில், குற்றச்சாட்டு வனையப்பட்ட முப்பது நாளுக்குள் குற்றம் சாட்டப்பட்டவரே மனுப் போட வேண்டும். கூடவே, என் விருப்பத்தின் பேரில்தான் போடுகிறேன் என்று பிரமாணப் பத்திரம். எதிர்த் தரப்பினர் யாரும் இல்லாமல் நீதிபதி அவரைத் தனியே விசாரித்து, உண்மையாகவே விரும்பித்தான் வந்தாரா என்று பார்க்க வேண்டும். பிறகு அரசு வக்கீல், போலீஸ் அதிகாரி, பாதிக்கப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர் ஆகியோர் உட்கார்ந்து பேசி, அறுபது நாளுக்குள் முடிவுக்கு வர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுப்பதும் இதில் அடங்கும்.

பலன் என்ன? ஒரு குற்றத்துக்கு அதிகபட்சம் மூன்று வருடம், குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது மாதம் தண்டனை கொடுக்கலாம். இதற்கு முன் தண்டனையே பெறாதவர் என்றால் புதிய சட்டப்படி ஆறில் ஒரு பங்கு, அதாவது ஆறு மாதம். சட்டமே குறைந்தபட்சம் இரண்டு வருடம் என்று வைத்திருந்தால் அதில் பாதி. முதல் தடவைக்காரருக்குக் கால் பங்கு. ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களையும் கழித்துக்கொள்வார்கள். தகுதி இருந்தால் நன்னடத்தைப் பேரில் சிறைக்கு அனுப்பாமலே விடலாம்.

இவ்வளவு சலுகைக்கும் ஒரு விலை உண்டு. பேரத்தின்படி வந்த தீர்ப்பே முடிவான தீர்ப்பு. சாதாரண ஒப்புதலில் தண்டனை அதிகம் என்றாவது மேல்முறையீடு செய்யலாம். இதில் அதுவும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு என்ற இரண்டு வாசல் மட்டுமே திறந்திருக்கும். சட்டப் புத்தகத்தில் இரண்டும் வாசல்தான். மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம் வாங்குகிறவருக்கு அவை சுவரில் வரைந்த வாசல்.

<b>2020இல் தில்லி கண்டது</b>

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். கொரோனாத் தொற்றின் ஆரம்பத்தில், 2020 மார்ச் மாதம், நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டம் பற்றி நாடே பேசியது நினைவிருக்கும். அதில் கலந்துகொண்டதாக 955 வெளிநாட்டினர் மீது தில்லி போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. விசா நிபந்தனையை மீறியது, தொற்றுநோய்ச் சட்டத்தை மீறியது போன்ற குற்றச்சாட்டுகள்.

அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வருடக் கோடையிலேயே பேரத்துக்குச் சம்மதித்தார்கள். சில ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிட்டு அவரவர் நாட்டுக்குப் போக வழி தேடிக்கொண்டார்கள். அவர்கள் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்நிய தேசம், ஊரெங்கும் நோய், ஊர் திரும்ப வழியில்லை, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

44 பேர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டோம், வழக்கை நடத்துகிறோம் என்றார்கள். ஆகஸ்ட் மாதம் அவர்களில் 8 பேரை, அவர்களுக்கு எதிராக நம்பத்தகுந்த ஆதாரம் ஏதுமில்லை என்று கோர்ட்டு விசாரணைக்கு முன்பே விடுவித்தது. மீதி 36 பேர் விசாரணையைச் சந்தித்தார்கள். 2020 டிசம்பர் 15 அன்று அந்த 36 பேரும் விடுதலை. அவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தார்கள் என்பதையே அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றது கோர்ட்டு.

மதத்தையும் அரசியலையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சட்டத்தை மட்டும் பாருங்கள். ஒரே ஊர், ஒரே சம்பவம், ஒரே வருடம். நின்று போராடியவர்கள் நிரபராதிகளாக ஊர் திரும்பினார்கள். சீக்கிரம் போக விரும்பியவர்கள் குற்றவாளிகளாக ஊர் திரும்பினார்கள். டிசம்பர் தீர்ப்பைக் காட்டி, “எங்களையும் விடுவியுங்கள்” என்று முன்னவர்கள் மேல்முறையீடு செய்ய முடியாது. அந்த உரிமையைக் கோடையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. ஐந்தாறு மாதப் பொறுமைக்கு இவ்வளவு வித்தியாசம். ஆனால் அந்த ஐந்தாறு மாதத்தை எல்லோராலும் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

<b>அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே</b>

நம் அன்பர்களின் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருப்பதால் அங்கே நடப்பதையும் சொல்ல வேண்டும். பேரம் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. மத்தியக் கோர்ட்டுகளில் தண்டனை பெறுவோரில் நூற்றுக்கு 97 பேர் ஒப்புதலின் பேரில்தான் தண்டனை பெறுகிறார்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் குறிப்பிட்டது. விசாரணை என்பது அங்கே தீபாவளிபோல் எப்போதாவது வருவது.

அங்கே பேர ஒப்பந்தத்தில் அரசுத் தரப்பு வழக்கமாக ஒரு வரி சேர்க்கிறது: “மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்.” நம் நாட்டில் சட்டம் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறது; அங்கே மனிதனே எழுதிக் கொடுக்கிறான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. நம் ஊர்ப் பேரத்தில் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் தீர்ப்பு வருகிறது. அங்கேயோ, பல வழக்குகளில், எத்தனை வருடம் என்று நீதிபதி சொல்வதற்கு முன்பே, “எத்தனை வருடம் போட்டாலும் அப்பீல் செய்ய மாட்டேன்” என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். விலை தெரியாமல் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவது போல. 1992இல் மெலான்சன் என்பவர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் செல்லும் என்றபோது, அதே அமர்வில் இருந்த நீதிபதி பார்க்கர் தன் மனக்குறையைத் தனியே எழுதி வைத்தார். இன்னும் விதிக்கப்படாத தண்டனையை எதிர்க்கும் உரிமையை ஒருவன் தெரிந்து விட்டுக்கொடுத்தான் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி.

1999இல் விதியைத் திருத்தினார்கள். இப்படி ஒரு வரி இருந்தால் நீதிபதி திறந்த கோர்ட்டில் அதைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எடுத்துச் சொல்லி, அவருக்குப் புரிந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். 2019இல் கார்சா எதிர் ஐடஹோ வழக்கில் இன்னொரு பாதுகாப்பும் வந்தது. கட்சிக்காரர் அப்பீல் போடச் சொல்லியும், ‘நீதான் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டாயே’ என்று வக்கீல் சும்மா இருந்துவிட்டால் அது வக்கீலின் குறைபாடே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதிக் கொடுத்த பிறகும் சில காரணங்கள் மிஞ்சுகின்றன, அவற்றைச் சொல்ல மனிதனுக்கு வழி வேண்டும் என்பதே அதன் பொருள்.

நம் உச்ச நீதிமன்றமும் இதற்குப் பக்கத்தில் வந்த ஒரு சமயம் உண்டு. 2021 அக்டோபரில் சோனாதர் எதிர் சத்தீஸ்கர் அரசு வழக்கில், மேல்முறையீடு வருடக்கணக்கில் தூங்கும்போது தண்டனையில் பாதியைச் சிறையிலேயே கழித்துவிட்ட கைதிகள், குற்றத்தை ஏற்றுக்கொண்டு அப்பீலை விட்டால் கழித்த காலத்தோடு விடுவிக்கலாமா என்று பரீட்சார்த்தமாகப் பார்க்கச் சொன்னது. கூடவே ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. வழக்கை அதன் தகுதியின் பேரில் நடத்தும் உரிமையைப் பறித்துக் கட்டாயமாக ஒப்புதல் வாங்கிவிடக் கூடாது என்றது.

<b>ஒப்புக்கொள்ளவே கூடாதா?</b>

அப்படிச் சொல்ல மாட்டேன். செய்த தப்பை ஒப்புக்கொள்வதில் இழிவு ஏதும் இல்லை. கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரரைக் கை நீட்டி அடித்த ஒரு கட்சிக்காரரை நானே பேரத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். உண்மையாகவே அடித்தார், சாட்சி நான்கு பேர். அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், மன்னிப்புக் கேட்டார், நன்னடத்தைப் பேரில் விடப்பட்டார். இரு குடும்பமும் இன்று பேசிக்கொள்கிறார்கள். அவர் கொடுத்த அப்பீல் உரிமை அவருக்குப் பயன்பட்டிருக்கவே போவதில்லை. தெரிந்து கொடுத்தார், தகுந்த விலை வாங்கினார்.

நான் கவலைப்படுவது தெரியாமல் கொடுப்பவர்களைப் பற்றி. முக்கியமாக விசாரணைக் கைதிகள். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாமல் எட்டு மாதம் உள்ளே இருப்பவரிடம், ‘ஒப்புக்கொள், இருந்த நாளே தண்டனை, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்’ என்றால் யார்தான் மறுப்பார்? அவருக்கு வேறொரு வழி இருப்பதை யாரும் சொல்வதில்லை. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம், முதல் தடவைக்காரர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் தவிர்த்த பலவற்றில் விடுதலை கேட்கப் புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு வழி செய்கிறது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் மட்டும் சிக்கல். குற்றவாளிப் பட்டம் இல்லாமலே வெளியே வரலாம்.

தில்லித் தமிழர்களில் அரசு ஊழியர்கள் அதிகம். அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குற்ற வழக்கில் தண்டனை பெற்றால், இலாகா விசாரணை இல்லாமலே வேலை நீக்கம் செய்ய அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடப்பட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு நீங்கும் என்பது உண்மை. ஆனால் இலாகா நடவடிக்கையை அது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. ஆகவே அபராதம் ஐநூறா ஆயிரமா என்று கணக்குப் பார்ப்பதற்கு முன், மாதச் சம்பளத்தையும் பென்ஷனையும் அதே தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள்.

<b>ஐந்து கேள்விகள்</b>

என்னிடம் வருகிறவர்களிடம், ஒப்புக்கொள்வதற்கு முன் இந்த ஐந்தையும் கேட்டுத் தெளியச் சொல்கிறேன்.

ஒன்று: என் மீது எந்தப் பிரிவில் வழக்கு, அதற்கு அதிகபட்சம் என்ன, குறைந்தபட்சம் என்ன?

இரண்டு: அந்தக் குற்றத்தை நான் உண்மையில் செய்தேனா? நடந்ததை எல்லாம் வக்கீலிடம் சொல்லிவிட்டேனா?

மூன்று: இது சாதாரண ஒப்புதலா, பேரமா? எதில் எந்த அப்பீல் போகும்?

நான்கு: தண்டனைக்குப் பிறகு வேலை, லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா இவற்றுக்கு என்ன ஆகும்?

ஐந்து: இதையெல்லாம் எனக்குப் புரிகிற மொழியில் யாராவது சொன்னார்களா?

ஐந்தாவதுக்குப் பதில் ‘இல்லை’ என்றால், மாஜிஸ்திரேட் முன் கை கூப்பி, “எனக்குப் புரியவில்லை, தமிழ் தெரிந்தவர் வேண்டும்” என்று சொல்லுங்கள். உடைந்த ஹிந்தியில் சொன்னாலும் போதும். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி விளக்க வேண்டியது கோர்ட்டின் கடமை. உங்களுக்கு அது உபகாரம் அல்ல, உரிமை. தவிர, நீங்கள் ஒப்புக்கொண்டாலும் உடனே தண்டித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. சந்தேகம் வந்தால் விசாரணைக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சந்தேகம் அவருக்கு வர வேண்டுமானால் நீங்கள் வாய் திறக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று மயங்க வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவோ, உங்கள் காரை ஓட்டும் தம்பியோ நாளைக்குக் கோர்ட்டு என்று சொன்னால், “ஒப்புக்கொண்டு சீக்கிரம் வா” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஹிந்தி தெரிந்தவர்கள் அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு கூடப் போங்கள். அவர் பக்கத்தில் நின்று, அங்கே சொல்வதைத் தமிழில் சொல்லுங்கள். அவர் சொல்வதை அங்கே சொல்லுங்கள். ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று அதன் பிறகு அவரே முடிவு செய்துகொள்வார்.